திறமூலத் திட்டத்தின் பெயரையும் லோகோவையும் எப்படிப் பயன்படுத்துவது?

“நிரலே ஜிபிஎல் உரிமத்தில்தானே இருக்கிறது, அப்புறம் லோகோவைப் போட எதற்கு அனுமதி?” ஒரு திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் திட்டத்துக்குப் பெயர், லோகோ தொடர்பாக வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. அந்தக் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. (ஜிபிஎல் என்பது நிரலை யாரும் எடுத்து, மாற்றி, பகிரலாம் என்று சொல்லும் ஓர் உரிமம்.) கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணம் உள்ளவர்கள். செருகுநிரல் (பிளகின்) எழுதியவர், பயிற்சி வகுப்பு நடத்துபவர், தன் நிறுவனத்துக்காக மாற்றிய பதிப்பை வெளியிட நினைப்பவர், இப்படி. நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அன்றாடம் எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நாமே விடை கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அடிப்படை. நிரலின் உரிமம் பதிப்புரிமையைச் சேர்ந்தது. நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பகிரலாமா என்பதை அது சொல்லும். ட்ரேட்மார்க் என்கிற வணிக முத்திரை வேறு சட்டம். ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று மக்கள் தெரிந்துகொள்ள உதவும் பெயரையும் லோகோவையும் அது காக்கிறது. ஒன்றில் கிடைத்த அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. உரிமங்களே இதைச் சொல்கின்றன, நாம்தான் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அப்பாச்சி உரிமம் 2.0-இன் 6ஆம் பிரிவு, திட்டத்தின் பெயர்களைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்கிறது. மொசில்லா பொது உரிமம் 2.0-இலும் அதே கருத்து உண்டு. மூன்று நிபந்தனை பிஎஸ்டி உரிமத்தின் மூன்றாவது நிபந்தனை, எழுதியவர்களின் பெயரைச் சொல்லி உங்கள் பொருளுக்கு ஆதரவு தேடக்கூடாது என்கிறது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 7ஆம் பிரிவு, ட்ரேட்மார்க் உரிமை தர மறுக்கும் வாசகத்தைச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. எம்ஐடி உரிமம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய் திறக்காதது அனுமதி ஆகாது.

எல்லாத் திட்டங்களின் விதிகளும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகின்றன: இந்தப் பெயரைப் பார்ப்பவர், தன் கையில் இருப்பதை யார் செய்தார்கள், அது பழுதானால் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் தப்பாக நினைத்துவிடுவாரா? நினைக்க மாட்டார் என்றால் பெரும்பாலும் நீங்கள் செய்வது சரி. நினைக்க வாய்ப்பு உண்டு என்றால் பெயரை மாற்றுங்கள், அல்லது அனுமதி கேளுங்கள்.

இது வெறும் சட்டப் பேச்சாகத் தோன்றினால், எங்களுக்கு வந்த ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். எங்கள் நிரலை அப்படியே எடுத்து, உள்ளே விளம்பரங்களைத் திணித்து, எங்கள் பெயரிலேயே, எங்கள் லோகோவோடு ஒரு ஆப் தளத்தில் யாரோ ஏற்றியிருந்தார்கள். அதை நிறுவிய ஒருவர் எங்களுக்கு எழுதினார்: “உங்களை நம்பித்தானே போட்டேன், இப்படிச் செய்துவிட்டீர்களே.” நிரலை எடுத்ததும் மாற்றியதும் உரிமப்படி சரி. விளம்பரம் சேர்த்ததைக்கூட உரிமம் தடுக்காது. அந்தப் பதிப்பைத் தளத்திலிருந்து அகற்ற எங்களிடம் இருந்த ஒரே பிடி ட்ரேட்மார்க்தான். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரைத் தரும் வீடியோலேன் அமைப்பும் இதே தொல்லையைப் பல ஆண்டுகளாக அனுபவித்திருக்கிறது. விஎல்சியோடு வேண்டாத மென்பொருளைக் கட்டிக் கொடுக்கும் போலித் தளங்களைப் பற்றி 2011-லேயே அவர்கள் வெளிப்படையாக எச்சரித்தார்கள். பெயரை நம்பி இறக்கிக்கொள்ளும் மனிதருக்கு இருக்கும் காப்பு இது. அதனால்தான் திறமூலத்தை நேசிக்கும் நான் இந்த விதிகளையும் மனதாரச் சரி என்கிறேன்.

கேட்காமலே செய்யக்கூடியவை

மென்பொருளைப் பற்றி உண்மையைச் சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம். கட்டுரை, விமர்சனம், பாடம், புத்தகம், ஒப்பீடு, குறை சொல்லும் பதிவு எல்லாவற்றிலும் பெயரைத் தாராளமாக எழுதலாம். ஒரு பொருளைக் குறிப்பிட அதன் பெயரைத் தவிர வேறு வழி இல்லாதபோது அந்தப் பெயரைச் சொல்வதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. “போஸ்ட்கிரஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு வேலை செய்யும்”, “லினக்ஸில் இயங்கும்”, “பைத்தான் 3-இல் எழுதப்பட்டது” என்பவை உண்மையாக இருக்கும் வரை சிக்கலே இல்லை. “எங்கள் நிறுவனம் குபெர்னெட்டிஸ் நிறுவி, பராமரித்துத் தரும்” என்றும் சொல்லலாம். “குபெர்னெட்டிஸின் அதிகாரபூர்வக் கூட்டாளி” என்று சொல்வதற்குத்தான் அந்தத் தகுதி உண்மையிலேயே இருக்க வேண்டும்.

கறாரான விமர்சனத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 2013-இல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தனியுரிமை அமைப்புகளைக் குறைகூறி, அவற்றை மாற்றும் வழியைச் சொன்ன ஒரு தளத்துக்கு, பெயரையும் லோகோவையும் எடுக்கச் சொல்லி உபுண்டுவை வெளியிடும் கேனோனிகல் நிறுவனத்திலிருந்து கடிதம் போனது. எதிர்ப்பு வலுத்ததும் அந்நிறுவனத்தின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த்தே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால் பயந்து பதிவை நீக்கிவிடாதீர்கள். பெயரை எந்த இடத்தில், எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்று நிதானமாகப் பாருங்கள்.

இங்கே ஒரு வரம்பு உண்டு. உண்மையைச் சொல்லப் பெயர் போதும், லோகோ தேவைப்படுவது அரிது. ஆகவே பெயரை எழுத்தாக எழுதுவதில் தாராளமாக இருக்கும் திட்டங்கள்கூட லோகோ விஷயத்தில் கண்டிப்பாக இருக்கும்.

மாற்றாத பதிப்பை அப்படியே பிரதியெடுத்துக் கொடுப்பதைப் பல திட்டங்கள் பெயரோடும் லோகோவோடும் அனுமதிக்கின்றன. அதற்குக் காசு வாங்கலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். அவர்களின் ட்ரேட்மார்க் கொள்கைப் பக்கத்தில் பாருங்கள்.

உங்கள் பொருளுக்குப் பெயர் வைக்கும்போது

அதிகக் குழப்பம் இங்கேதான் நடக்கிறது. தடுப்பதும் இங்கே மிக எளிது. நீங்கள் செய்ததற்கு உங்கள் சொந்தப் பெயர் முதலில் வரட்டும். எதற்காகச் செய்தீர்கள் என்பது பின்னால் வரட்டும். கற்பனைக்கு, இணையத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸுக்கான ஒரு செருகுநிரலுக்கு ‘தூரிகை’ என்று பெயர் வைக்கிறீர்கள். “தூரிகை – வேர்ட்பிரஸுக்கான படத் தொகுப்பி” என்றால் சரி. “வேர்ட்பிரஸ் தூரிகை” என்றால் அது வேர்ட்பிரஸ்காரர்களே செய்தது போல ஒலிக்கிறது. வேர்ட்பிரஸின் செருகுநிரல் தொகுப்பிலேயே இதற்கு விதி உண்டு. செருகுநிரலின் முகவரிப் பெயர் வேறொருவரின் ட்ரேட்மார்க்கில் தொடங்கக்கூடாது, ஆனால் கடைசியில் ‘இன்னதற்காக’ என்று சேர்க்கலாம். டொமைன் பெயரில் ‘வேர்ட்பிரஸ்’ என்ற முழுச் சொல்லை வைக்கக்கூடாது என்பது வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் நெடுநாள் விதி. அதனால்தான் ‘டபிள்யூபி’ என்று தொடங்கும் தளங்கள் அத்தனை இருக்கின்றன. அந்தச் சுருக்கத்தையும் மக்களைக் குழப்பும்படி வைக்கக்கூடாது.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் ‘கிட்’. அந்தப் பெயரின் உரிமை சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பிடம் இருக்கிறது. புதிதாகப் பெயர் வைப்பவர்கள் ‘கிட்’டோடு வேறு சொல்லை ஒட்டிக் கூட்டுப்பெயர் உண்டாக்க வேண்டாம் என்கிறது அதன் கொள்கை. உடனே “கிட்ஹப் இருக்கிறதே, கிட்லேப் இருக்கிறதே” என்று கேட்பார்கள். அவை கொள்கைக்கு முன்பே பிறந்து, தனியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றைக் காட்டி உங்கள் பெயரை நியாயப்படுத்த முடியாது.

எழுத்து ஒன்றை மாற்றுவது, நடுவில் கோடு போடுவது, ‘ப்ரோ’, ‘பிளஸ்’, ‘லைட்’ என்று ஒட்டுவது எதுவும் தப்பிக்க உதவாது. ‘ப்ரோ’ என்று ஒட்டினால் இன்னும் மோசம், ஏனெனில் அதே ஆட்கள் விற்கும் உயர் பதிப்பு என்றுதான் எவரும் நினைப்பார்கள். நிறுவனப் பெயர், சமூக ஊடகக் கணக்கு, ஆப்பின் பெயர், பேக்கேஜ் பெயர் எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்.

உள்ளூர்ப் பயனர் குழுக்களுக்கு மட்டும் பல திட்டங்கள் தளர்வு தருகின்றன. ஊர்ப் பெயரோடு திட்டத்தின் பெயரைச் சேர்த்து ‘பயனர் குழு’ என்று வைத்துக்கொள்ளலாம். குழு லாப நோக்கற்றதாகவும், அந்த மென்பொருளைப் பற்றியே கூடுவதாகவும் இருக்க வேண்டும்.

பெயர் வைப்பதற்கு முன்பே தேடிப் பாருங்கள். பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முதலில் ‘பீனிக்ஸ்’ என்று இருந்தது. அதே பெயரில் வேறு நிறுவனம் இருந்ததால் 2003-இல் ‘ஃபயர்பேர்ட்’ ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு திறமூலத் தரவுத்தளம் இருந்தது. கடைசியில் 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ் என்று நிலைபெற்றது.

நிரலை மாற்றி வெளியிடுகிறீர்களா?

அப்படியென்றால் பெயரை மாற்றுவதே பாதுகாப்பு. சிறு திருத்தங்களோடு பழைய பெயரிலேயே வெளியிடச் சில திட்டங்கள் விடும், சில விடா. ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொசில்லாவும், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டமும் மோதியது இதில்தான். டெபியன் தன் தேவைக்கு ஃபயர்ஃபாக்ஸில் திருத்தங்கள் செய்துகொண்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் லோகோவின் பதிப்புரிமை டெபியனின் கட்டற்ற விதிகளுக்குப் பொருந்தாததால் அதைச் சேர்க்க மறுத்தது. பெயர் வேண்டுமென்றால் லோகோவும் சேர வேண்டும், திருத்தங்களுக்கும் எங்கள் ஒப்புதல் வேண்டும் என்று 2006-இல் மொசில்லா சொன்னது. டெபியன் உலாவிக்கு ‘ஐஸ்வீசல்’ என்றும் மொசில்லாவின் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டுக்கு ‘ஐஸ்டவ்’ என்றும் பெயர் மாற்றியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2016-இல்தான் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். யாரும் யாருடைய நிரலையும் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

சரி, பெயரை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். பழைய பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று பார்ப்போம். தலைப்பையும் ஐகானையும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் பதிப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதமில்லாமல் பழைய பெயரைத் தேடுங்கள். ஆயிரக்கணக்கில் வரிகள் வந்து விழும். மலைக்காதீர்கள். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, பயனர் கண்ணில் படுபவை. சாளரத் தலைப்பு, தொடக்கத் திரை, ‘பற்றி’ என்ற பெட்டி, மெனு, நிறுவும் நிரலின் திரைகள், டெஸ்க்டாப் கோப்பு, டாஸ்க்பார் ஐகான், கையேடு, ஸ்க்ரீன்ஷாட்டுகள். மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் தனியாகத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு, மற்ற மொழிகளில் பழைய பெயர் அப்படியே நிற்பது வழக்கமாக நடக்கிறது. தமிழ்க் கோப்பில் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பார்கள், ஆங்கில எழுத்தில் தேடினால் அது கிடைக்காது. இந்த வகை முழுவதும் மாற வேண்டும்.

இரண்டாவது வகை, கண்ணில் படாமல் வேலை செய்பவை. செயலிழப்பு அறிக்கை போய்ச் சேரும் முகவரி, தானாகப் புதுப்பிக்கும் சர்வர், பயன்பாட்டுத் தரவு போகும் இடம், உதவி மின்னஞ்சல், பிழை பதியும் இணைப்பு. இவற்றை மாற்றாவிட்டால் உங்கள் பதிப்பின் பிழைகள் எல்லாம் மூலத் திட்டத்தின் தலையில் போய் விழும். அங்கே யாரோ ஒரு தன்னார்வலர், தான் எழுதாத நிரலில் இல்லாத பிழையை இரவு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். இதில் என்னால் சமாதானம் ஆகவே முடியாது. பெயரில் ஏதாவது விட்டுப்போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த முகவரிகளை முதல் நாளே மாற்றுங்கள்.

மூன்றாவது வகை, தொடக்கூடாதவையும் தொட வேண்டாதவையும். கோப்புகளின் தலையில் இருக்கும் பதிப்புரிமைக் குறிப்பில் திட்டத்தின் பெயர் இருந்தாலும் அதை நீக்கக்கூடாது. உரிமம் அதை அப்படியே வைக்கச் சொல்கிறது. அப்பாச்சி உரிமத்தில் ‘நோட்டீஸ்’ கோப்பு இருந்தால் அதில் உள்ள குறிப்புகளும் உங்களோடு வர வேண்டும். பெயரை எடுக்கும் ஆர்வத்தில் பதிப்புரிமையை மீறிவிடுவது இங்கேதான் நடக்கும். அப்புறம் செயல்பாட்டுக்காக இருக்கும் பெயர்கள்: ஃபங்ஷன் பெயர், சூழல் மாறி, கோப்பு வடிவத்தின் பெயர், நெறிமுறை அடையாளம். இவற்றை மாற்றினால் மற்ற மென்பொருள்களோடு ஒத்துப்போகாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் நிரலை எடுத்துத் தனித் திட்டமாகப் பிரிந்த மரியாடிபி பல ஆண்டுகள் ‘மைஎஸ்கியூஎல்’ என்ற கட்டளைப் பெயரையே வைத்திருந்தது. பழைய ஸ்கிரிப்டுகள் ஓட வேண்டுமே.

சில திட்டங்கள் இந்த வேலையை நமக்காக எளிதாக்கியும் வைத்திருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மூலநிரலில் பெயரும் படங்களும் ‘பிராண்டிங்’ என்ற தனிக் கோப்புறையில் இருக்கும். அதிகாரபூர்வப் பெயர் வேண்டும் என்று பில்ட் செய்யும்போது, அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் மென்பொருளை உருவாக்கும்போது, தனியாகச் சொன்னால்தான் ஃபயர்ஃபாக்ஸ் என்று வரும். நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டூடியோ கோடில் பெயர்கள் ஒரு ஜேசன் (JSON) வடிவக் கோப்பில் திரட்டப்பட்டுள்ளன. விஎஸ்கோடியம் போன்ற பதிப்புகளை உருவாக்க முடிவது அந்த அமைப்பால்தான். நீங்கள் சொந்தத் திட்டம் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே பெயரை ஒரே இடத்தில் வையுங்கள். பின்னால் உங்களிடமிருந்து பிரிந்து போகிறவர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

பிரிந்த பிறகு மூலத் திட்டத்தின் பெயரை உச்சரிக்கவே கூடாதா என்றால், அப்படி இல்லை. “இது இன்ன திட்டத்தின் இன்ன பதிப்பிலிருந்து பிரிந்தது. அத்திட்டத்தினருக்கு இதில் பொறுப்போ தொடர்போ இல்லை” என்று திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மி கோப்பில் எழுதுவது உண்மைச் செய்தி. அதை எழுதத்தான் வேண்டும். அளவுக்கு மீறி அஞ்சினால் எப்படி இருக்கும் என்பதற்கு சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் உதாரணம். ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் நிரலைப் பெயர் நீக்கி மறுபடி பில்ட் செய்த அவர்கள், 2005-இல் வழக்கறிஞர் கடிதம் வந்தபின் தங்கள் தளத்தில் ‘வட அமெரிக்காவின் பிரபலமான ஒரு எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்’ என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். 2014-இல் அதே ரெட் ஹாட்டோடு சேர்ந்துகொண்டார்கள்.

பெயர் கையில் இல்லாமல் பிரிந்தவர்கள் தேய்ந்துபோவார்கள் என்று பயப்பட வேண்டாம். அலுவலக மென்பொருளான ஓப்பன்ஆபிஸின் பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்ததால் 2010-இல் பிரிந்தவர்கள் லிப்ரேஆபிஸ் என்று வைத்தார்கள். நிரலைத் தானாக பில்ட் செய்து சோதிக்கும் ‘ஹட்சன்’ மென்பொருளின் பெயருக்கு ஆரக்கிள் உரிமை கோரியதால் 2011-இல் ஜென்கின்ஸ் பிறந்தது. 2024-இல் ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் மாறியபோது வால்கீ வந்தது. இன்று ஜென்கின்ஸை அறிந்தவர்களில் ஹட்சனைக் கேள்விப்பட்டிராதவர்களே அதிகம் இருப்பார்கள்.

லோகோ

அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து இறக்குங்கள், தேடுபொறியில் கிடைத்த படத்தை எடுக்காதீர்கள். நீட்டாதீர்கள், சாய்க்காதீர்கள், நிறம் மாற்றாதீர்கள், உங்கள் லோகோவோடு பின்னாதீர்கள். உங்கள் ஆப்பின் ஐகானாகவோ தளத்தின் ஃபேவிகானாகவோ (உலாவித் தாவலில் தெரியும் சிறு படம்) வைக்கவே வேண்டாம். ஒப்பீட்டு அட்டவணையிலும் ‘எவற்றோடு வேலை செய்யும்’ என்ற வரிசையிலும் போடுவதைப் பலர் அனுமதிக்கிறார்கள். அங்கே உங்கள் லோகோவைவிடப் பெரிதாகத் தெரியாமல் இருக்கட்டும்.

ஒரே திட்டத்துக்கு இரண்டு லோகோ இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். டெபியனில் சுழி மட்டும் உள்ளது எல்லோரும் பயன்படுத்தத் தரும் லோகோ. குப்பியிலிருந்து சுழி எழுவது அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு மட்டும். லினக்ஸின் டக்ஸ் பென்குயின் கதை வேறு. 1996-இல் அதை வரைந்த லேரி யூயிங், தன் பெயரையும் வரையப் பயன்படுத்திய கிம்ப் மென்பொருளையும் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று சொல்லிவிட்டார். ‘லினக்ஸ்’ என்ற சொல்லோ பதிவான ட்ரேட்மார்க். ஆகவே பென்குயினைப் போட்டதால் பெயருக்கும் அனுமதி வந்துவிடாது.

டி-ஷர்ட், ஸ்டிக்கர் விற்பனைக்கு எப்போதும் கொள்கையைப் படித்துவிட்டே இறங்குங்கள். டெபியன் விற்கவும் விடுகிறது, விலையில் எவ்வளவு திட்டத்துக்கு நன்கொடையாகப் போகும் என்பதை வாங்குபவரிடம் உண்மையாகச் சொல்லப் பரிந்துரைக்கிறது. வேறு பல திட்டங்கள் முன்கூட்டியே கேட்கச் சொல்லும்.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை

ட்ரேட்மார்க் என்பதைக் குறிக்கும் டிஎம் குறியைப் பதிவு இல்லாமலே போடலாம். வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி பதிவான முத்திரைக்கு மட்டும். பதிவாகாததற்கு அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம். அடுத்தவர் பெயரை எழுதும்போது ஒவ்வோர் இடத்திலும் குறி போடத் தேவையில்லை. முதல் முறையோ அடிக்குறிப்பிலோ போதும். அடிக்குறிப்பு இப்படி இருக்கலாம்: “பைத்தான் என்பது பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் வணிக முத்திரை. இந்தத் தளத்துக்கும் அவ்வமைப்புக்கும் தொடர்பு இல்லை.” இந்த மறுப்பு வரி நல்லது, ஆனால் மேலே பெரிய எழுத்தில் குழப்பிவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் மறுத்தால் செல்லாது.

ஆங்கில விதிமுறைகளில் முத்திரைப் பெயரைப் பெயரடையாக மட்டும் பயன்படுத்து, வேற்றுமை உருபு சேர்க்காதே என்று இருக்கும். தமிழில் ‘லினக்ஸில்’, ‘கிட்டுக்கு’ என்று எழுதாமல் முடியுமா? கவலைப்படாதீர்கள். முதல் முறை ‘லினக்ஸ் இயங்குதளம்’, ‘அப்பாச்சி காஃப்கா மென்பொருள்’ என்று முழுப் பெயரோடு அது என்ன வகைப் பொருள் என்பதையும் எழுதிவிட்டு, அப்புறம் இயல்பாக எழுதுங்கள்.

அனுமதி கேட்டு எழுதும் கடிதம்

எனக்கு வரும் கடிதங்களில் பாதி, “உங்கள் லோகோவைப் பயன்படுத்தலாமா?” என்ற ஒரே வரி. அதற்கு என்னால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பிக் கேட்டு, அவர் பதில் எழுதி, அதற்குள் அவருடைய நிகழ்ச்சியே முடிந்துவிடும். நல்ல கடிதம் இப்படி இருக்கும்:

“வணக்கம். நாங்கள் உங்கள் மென்பொருளுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறோம், கட்டணம் உண்டு. நிகழ்ச்சியின் பெயரில் எங்கள் பெயர் முதலிலும், ‘இன்ன மென்பொருள் பயிற்சி’ என்பது பின்னாலும் வரும். அறிவிப்புப் பக்கத்திலும் சான்றிதழிலும் உங்கள் லோகோவைப் போட விரும்புகிறோம். இரண்டின் மாதிரியையும் இணைத்திருக்கிறோம். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்தில் பக்கத்தை எடுத்துவிடுவோம். உங்கள் கொள்கையின் ‘நிகழ்ச்சிகள்’ பகுதியைப் படித்தோம். சான்றிதழைப் பற்றி அதில் இல்லை, அதனால் கேட்கிறோம்.”

யார், எதற்கு, எங்கே, எவ்வளவு காலம், பணம் உண்டா, பார்க்க எப்படி இருக்கும் எல்லாமே வந்துவிட்டன. இந்தக் கடிதத்துக்கு நான் அன்றே பதில் எழுதிவிடுவேன். அறிவிப்புப் பக்கத்துக்குச் சரி என்பேன். சான்றிதழில் லோகோ வேண்டாம், எழுத்தில் பெயர் மட்டும் போதும் என்பேன், ஏனென்றால் சான்றிதழில் லோகோவைப் பார்ப்பவர் தேர்வு வைத்தது நாங்கள் என்று நினைப்பார்.

யாருக்கு எழுதுவது என்றும் பாருங்கள். முத்திரை பல நேரம் திட்டத்தின் பெயரில் இருக்காது. டெபியன் முத்திரை சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் அமைப்பிடம் இருக்கிறது. குபெர்னெட்டிஸ் முத்திரை லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம். நிரலுக்குப் பங்களிக்கும் ஒருவர் அரட்டையில் “போட்டுக்கோங்க” என்று சொன்னது அனுமதி ஆகாது. எழுத்தில் வந்த பதிலை, நிரலைச் சேமிக்கும் ரெப்போவிலேயே ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள். நீங்கள் விலகிய பிறகு வருபவருக்கு அது வேண்டும்.

நீங்கள் திட்டம் நடத்துபவர் என்றால்

பெயரைப் பதிவு செய்யாமல் விடுவதன் விலை லினக்ஸ் வரலாற்றிலேயே இருக்கிறது. 1994-இல் லினக்ஸ் உருவாக்கத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் அமெரிக்காவில் ‘லினக்ஸ்’ பெயருக்கு விண்ணப்பித்துப் பதிவும் பெற்றார். பிறகு லினக்ஸ் நிறுவனங்களிடம் உரிமைத் தொகை கேட்டார். வழக்காடி, 1997-இல்தான் பெயர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. பதிவு செய்திருந்தாலும் கண் வைத்திருக்க வேண்டும். 2014-இல் குரூப்பான் நிறுவனம் தன் விற்பனைக் கருவிக்கு ‘க்னோம்’ என்று பெயர் வைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, எதிர்த்து வழக்காட 80,000 டாலர் தேவை என்று, லினக்ஸுக்கான க்னோம் டெஸ்க்டாப்பின் பெயரைக் காக்கும் க்னோம் அறக்கட்டளை பொதுமக்களிடம் கேட்டது. நன்கொடை குவிந்தது, குரூப்பான் பின்வாங்கியது. முத்திரையைத் தனிநபர் பெயரில் வைக்காமல் ஓர் அமைப்பின் பெயரில் வைப்பது நல்லது. ட்ரேட்மார்க் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள்; மென்பொருள் 9ஆம் வகுப்பிலும், மென்பொருள் சேவைகள் 42ஆம் வகுப்பிலும் வரும்.

கொள்கையைச் சுருக்கமாக, ‘செய்யலாம்’ என்பதில் தொடங்கி எழுதுங்கள். 2023 ஏப்ரலில் ரஸ்ட் நிரல்மொழியின் அறக்கட்டளை வெளியிட்ட வரைவுக் கொள்கை, சமூகம் அதுவரை இயல்பாகச் செய்துவந்த பலவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்பது போலப் படித்ததால் பெரும் எதிர்ப்பு வந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு, கருத்துகளைப் பெற்றுத் திருத்தி எழுதப் போனார்கள்.

மீறலைப் பார்த்தால் முதல் கடிதம் வழக்கறிஞரிடமிருந்து போக வேண்டாம். நான் அனுப்புவது நாலு வரி: எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, ஏன் குழப்பும், எப்படி மாற்றினால் சரியாகும், எத்தனை நாளில் செய்ய முடியும் என்ற கேள்வி. மூன்றாவது விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். மாற்றுப் பெயரை நீங்களே ஒன்றிரண்டு எழுதி அனுப்பினால் பெரும்பாலோர் அந்த வாரமே மாற்றிவிடுகிறார்கள். விளம்பரம் திணித்த போலிப் பதிப்புகளுக்கு இந்த மரியாதை பலிக்காது. அவற்றுக்கு ஆப் தளத்தின் ட்ரேட்மார்க் புகார்ப் படிவத்தில் பதிவு எண்ணையும் இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் வைத்து நேரடியாகப் புகார் கொடுங்கள். பயனர்களிடமிருந்து வந்த புகார்க் கடிதங்கள் இருந்தால், அவர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் மறைத்து அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.